அம்மாவை வெளிநாட்டு மருந்து ட்ரையலில் சேர்க்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வியில் ஊர் தாராவி என்று போட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், இந்தி பேச்சோடு சரி என்று எடுத்துக்கொள்கிறேன். ட்ரையல் என்றாலே மோசடி என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல இங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.

மும்பையில் ஒப்புதல் படிவம் மராத்தியிலும் இந்தியிலும் தயாராக இருக்கும். தமிழில் கேளுங்கள், அதுவும் நெறிமுறைக் குழு (ட்ரையலில் சேருபவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி) பார்த்து அனுமதித்த பிரதி. படிக்கத் தெரியாதவர் என்றால் பேச்சு தொடங்கியதிலிருந்து முடியும்வரை சார்பில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். எல்லாம் முடிந்தபின் வார்டுபாயைக் கூப்பிட்டுப் போடவைத்தால் அது சாட்சி இல்லை.

தமிழ்ப் பிரதியிலும் ஒரு வில்லங்கம். "சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படுவீர்கள்" என்றிருக்கும். எல்லோருக்கும் சமமாக மருந்து கிடைக்கும் போல என்றுதான் அம்மா நினைப்பார். காசு சுண்டுகிற கதைதான் அது: பூ விழுந்தால் புது மருந்து, தலை விழுந்தால் வேறு. மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்கும்போது சொல் ஒழுங்காகவே வந்துவிடும், யாருக்கும் உறுத்தாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி மொழிபெயர்க்கவைத்தால் இப்படித்தான்.

தலை விழுந்தால் என்ன தருவார்கள்? இதை விடாமல் கேளுங்கள். எச்ஐவி தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை சிடோவுடின் என்ற மருந்து மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்று 1994-லேயே தெரியும். அதற்குப் பிறகும் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் ட்ரையலில் சேர்ந்த கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, கொடுத்தார்கள். அங்கே எப்படியும் அந்த மருந்து கிடைப்பதில்லையே என்பது சொன்ன நியாயம். 1997-ல் அது பெரிய சண்டையானது. குறுகிய நாள் டோஸைச் சோதித்த ஆய்வுகள் அவை என்று தெரியும், பின்னூட்டத்தில் வராதீர்கள். பழைய டோஸோடு ஒப்பிட்டிருக்கலாம். அம்மா இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவார்களா என்பதும் இதே கேள்விதான்.

படிவத்தில் நாமினி கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். மருந்து ட்ரையல்களுக்கான இந்திய அரசின் 2019 விதிகளின்படி ட்ரையலால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக் கணக்கு இது: 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் ஆபத்து எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுப்பது. ஆபத்து எண் 0.5 முதல் 4 வரை. நோய் முற்றியவருக்கு 0.5. சம்பளம் இந்தக் கணக்கில் வராது, அதுவரை நல்லது.

ட்ரையல் முடிந்தபின் மருந்து இலவசமாகத் தொடருமா என்பதை இப்போதே கேளுங்கள். வேறு சிகிச்சை இல்லாத நோயாக இருந்து, பலன் தெரிந்து, டாக்டர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால் உண்டு. ஆனால் அதன்பின் ஏதாவது ஆனால் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்தான பிரதி ஒன்றை அன்றைக்கே வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள்.