பற்று நோட்டும் முட்டைக் கூடையும்: பெருமந்தக் காலத்து அமெரிக்க விவசாய ஊர் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

1929இல் தொடங்கி 1930கள் முழுவதும் நீடித்த பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தம் என்றதும் பெருநகரத் தெருக்களில் கஞ்சிக்காக நின்ற நீண்ட வரிசைகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அக்காலத்து அமெரிக்கர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பண்ணையில் வாழ்ந்தவர். அவர்களை நம்பிக் கடை வைத்திருந்த சிற்றூர் வணிகரையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் துயரத்தின் அளவு விளங்கும். அமெரிக்க வேளாண் வரலாற்றைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, குறிப்பாக அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களை மனத்தில் வைத்து இங்கே விடையளிக்கிறேன்.

விளைச்சல் நன்றாக இருந்தும் விவசாயி கையில் பணம் இல்லாமல் போனது எப்படி? (தஞ்சாவூர், விவசாயி)

ஐயா, இதன் வேர் 1929க்கு முன்பே இருக்கிறது. முதல் உலகப் போரின்போது ஒரு புஷல் கோதுமை, அதாவது சுமார் 27 கிலோ, இரண்டு டாலருக்கு மேல் விற்றது. அந்த விலை நிலைக்கும் என்று நம்பிப் பலர் கடன் வாங்கி, ஏற்றத்தில் இருந்த விலைக்கு நிலம் வாங்கினார்கள். 1920இல் விலை சரியத் தொடங்கியது; நகரங்கள் செழித்த அந்தப் பத்தாண்டிலேயே பண்ணைகள் திணறிக்கொண்டிருந்தன. 1929இல் ஒரு டாலரளவில் இருந்த கோதுமை 1932இல் 38 சென்டுக்கு இறங்கியது. மக்காச்சோளத்தின் நாட்டுச் சராசரி 32 சென்ட் அளவில் இருந்தாலும், ரயில் கட்டணம் கழித்த பிறகு உள்ளூரில் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. 1932-33 குளிர்காலத்தில் நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்பதால் அடுப்பில் மக்காச்சோளத்தையே எரித்த வீடுகள் பல. பஞ்சத்தில் உணவில்லாமல் வாடுவது நமக்குத் தெரிந்த துயரம். களஞ்சியம் நிறைந்திருக்க, அந்தத் தானியத்தையே விறகாக்க நேர்வது வேறொரு வகைத் துயரம்.

நிலவரி, அடமான வட்டி, ரயில் கட்டணம் ஆகியவை விளைபொருள் விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. அதே கடனை அடைக்க முன்னைவிட இரண்டு, மூன்று மடங்கு தானியம் விற்க வேண்டியிருந்ததால் ஒவ்வொருவரும் கூடுதலாக விதைத்தார்கள். அதனால் விலை மேலும் விழுந்தது. தனியொருவருக்குச் சரியாகப்பட்ட முடிவு எல்லாரும் சேர்ந்து எடுத்தபோது எல்லாரையும் கவிழ்த்தது.

அத்தகைய ஊரில் வாரச் சந்தை போன்ற வழக்கம் இருந்ததா? (பொள்ளாச்சி, ஆசிரியை)

சந்தை என்ற பெயரில் இல்லை. அந்த இடத்தைச் சனிக்கிழமை மாலை பிடித்திருந்தது. ஊர் என்பது பெரும்பாலும் ஒரே நீளத் தெருதான். ஒரு முனையில் ரயில் நிலையமும் அதையொட்டி வானுயர நிற்கும் தானியக் கிடங்கும் இருக்கும். மற்ற இடங்களில் ஒன்றிரண்டு வங்கிகள், பலசரக்குக் கடை, இரும்புச் சாமான் கடை, பாலேடு வாங்கும் நிலையம், கொல்லுப்பட்டறை, முடிதிருத்தகம், வார இதழ் அச்சகம், தேவாலயங்கள் இருக்கும். சுற்றுவட்டாரப் பண்ணைக் குடும்பங்கள் எல்லாம் சனிக்கிழமை மாலை வந்து சேருவதால் கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருக்கும்.

வருபவர்கள் வெறுங்கையுடன் வரமாட்டார்கள். பின்னிருக்கையில் முட்டைப் பெட்டியும் பாலேட்டுக் கேனும் இருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு முட்டையையும் இருட்டறையில் விளக்கொளிக்கு முன் பிடித்துப் பார்த்து, கெட்டதை ஒதுக்கி, நல்லதை எண்ணி விலை வைப்பார். பாலேட்டின் கொழுப்பை, விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் 1890இல் வெளியிட்ட முறையால் அளந்து அதற்கேற்பப் பணம் தருவார்கள். தானியம் ஆண்டுக்கு ஒருமுறை விற்பது. அந்தப் பணம் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். வாரந்தோறும் உப்பு, சர்க்கரை, காப்பித்தூள், மண்ணெண்ணெய் வாங்கக் கை கொடுத்தது வீட்டுப் பெண்கள் வளர்த்த கோழிகளும் கறந்த பசுக்களும்தான். முட்டைக்கு ரொக்கம் தராமல், தங்கள் கடையிலேயே செலவிடத்தக்க சீட்டு எழுதித் தந்த கடைக்காரர்களும் இருந்தார்கள். பெருமந்தத்தைக் குறித்த நூல்கள் கோதுமை விலையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு இந்த முட்டைக் கூடைக்கு ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் மனக்குறைதான், ஏனெனில் குடும்பத்தின் அடுப்பை எரியவைத்தது அந்தக் கூடையே.

கோடைக்காலத்தில் வணிகர்கள் சேர்ந்து செலவை ஏற்று, ஏதேனும் ஒரு கட்டடத்தின் சுவரில் இலவசமாகத் திரைப்படம் காட்டினார்கள். கூட்டம் வந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடன் கொடுத்தே நலிந்துபோன கடைக்காரர் பரம்பரையில் வந்தவன் நான். அவர்கள் எவ்வளவு நாள் பற்று எழுதினார்கள்? (ஈரோடு, மளிகைக் கடை உரிமையாளர்)

அறுவடை வரை பற்று எழுதுவது பெருமந்தத்துக்கு முன்பே அங்கு நிலவிய வழக்கம். முன்பு அறுவடை முடிந்ததும் கணக்கு நேராகிவிடும். 1930க்குப் பிறகு அறுவடை வந்தது, பணம் வரவில்லை. கடைக்காரர் என்ன செய்வார்? வாடிக்கையாளர் அவரோடு ஒரே தேவாலயத்தில் அமர்பவர். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பவர்கள். நாள்தோறும் முகம் பார்த்துப் பழகியவரிடம் இல்லை என்று சொல்வது கடினம். ஆனால் அவருக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு அந்த உறவு கிடையாது. அவர் ரொக்கம் கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கி, நோட்டில் ஆயிரக்கணக்கான டாலர் வரவேண்டியிருக்கும்போதே கடையை மூடியவர்கள் இருக்கிறார்கள்.

அதே காலத்தில் தொடர் கடைகள், அதாவது ஒரே நிறுவனம் பல ஊர்களில் நடத்திய கடைகள், ரொக்கத்துக்கு மட்டும், சற்று மலிவாக விற்றன. கையில் காசிருந்த வாரம் தொடர் கடைக்கும், காசில்லாத வாரம் பழைய கடைக்கும் போனவர்களைப் பற்றி உள்ளூர் வணிகர்கள் மனம் நொந்து பேசியது நியாயமே. இண்டியானா போன்ற மாநிலங்கள் தொடர் கடைகளுக்குத் தனி வரி விதித்ததற்கு இந்த மனக்குறையும் ஒரு காரணம்.

மருத்துவர்கள் கட்டணத்துக்குப் பதிலாகக் கோழி, உருளைக்கிழங்கு, விறகு ஆகியவற்றை ஏற்றார்கள். வார இதழ்கள் சந்தாவையும் அப்படியே வாங்கிக்கொண்டன. நிலவரி வசூலாகாததால் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில், பின்னர் பணம் தருவதாக உறுதிச் சீட்டு தரப்பட்டது. அதைக் கடையில் மாற்றும்போது முகமதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே பணம் கொடுத்தார்கள்.

வங்கிகளே மூடப்பட்டபோது வியாபாரம் எப்படி நடந்தது? (மதுரை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 வங்கிகள் வீழ்ந்தன. அவற்றில் மிகப் பல, ஒரே கட்டடத்தில் இயங்கிய சிற்றூர் வங்கிகள். அவை கொடுத்த கடன் எல்லாம் சுற்றியிருந்த நிலங்களின் மீதே இருந்ததால், நில மதிப்பு சரிந்ததும் வங்கியும் சரிந்தது. 1933 மார்ச் 6 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நாடெங்கும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தபோது, பல ஊர்கள் சொந்தமாகச் சீட்டுப் பணம் அச்சிட்டுக்கொண்டன.

அயோவாவின் ஹவார்டன் என்ற சிற்றூர் அதற்கு முந்தைய ஆண்டே இதைச் செய்துவிட்டது. சார்லஸ் சைல்ஸ்ட்ரா என்பவரின் யோசனைப்படி, வேலையற்றோருக்குக் கூலியாக ஒரு டாலர் சீட்டுகளை நகராட்சி வழங்கியது. சீட்டு ஒவ்வொரு முறை கைமாறும்போதும் நகராட்சியிடம் வாங்கிய மூன்று சென்ட் வில்லை (ஸ்டாம்ப்) ஒன்றை அதன் பின்புறம் ஒட்ட வேண்டும். 36 வில்லைகள் சேர்ந்தால் நகராட்சியிடம் 1.08 டாலர் சேர்ந்திருக்கும். அதிலிருந்து சீட்டுக்கு ஒரு டாலர் கொடுத்து, மீதியில் அச்சுச் செலவைச் சரிக்கட்டலாம். தாங்கள் வங்கியில் பணியாற்றியவர் என்பதால் இதன் நுட்பம் உடனே விளங்கும்: சீட்டை மீட்கும் பணத்தை அதைப் பயன்படுத்தியவர்களே சிறுகச் சிறுகக் கட்டிவிடுகிறார்கள். வணிகர்கள் அதை ஏற்க ஒப்புக்கொண்டதால்தான் அது ஓடியது.

வங்கி வைப்புகளுக்கான அரசுக் காப்பீடு 1934 ஜனவரி 1 முதல், ஒருவருக்கு 2,500 டாலர் வரை என்று தொடங்கியது. அதற்கு முன் மூடப்பட்ட வங்கிகளில் சேமிப்பை இழந்தவர்களுக்கு அது உதவவில்லை.

ஏலத்துக்கு வந்த பண்ணையைப் பக்கத்து வீட்டார் சில காசுகளுக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மையா? (சேலம், வழக்கறிஞர்)

உண்மைதான். அதைக் காசு ஏலம் என்றே அழைத்தார்கள். கடன் கட்டாத பண்ணையின் மாடு, கலப்பை, இயந்திரங்கள் ஏலத்துக்கு வரும் நாளில் அக்கம்பக்கத்தார் நூற்றுக்கணக்கில் கூடுவார்கள். ஒருவர் ஐந்து சென்ட் கேட்பார். மேலே கேட்க யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்து விலை ஏற்ற முயன்றவரின் தோளில் ஒரு கனத்த கை விழும். சில இடங்களில் களஞ்சிய வாசலில் தூக்குக் கயிறு தொங்கவிடப்பட்டிருந்தது. நெப்ராஸ்காவின் மேடிசன் வட்டாரத்தில் 1931இல் நடந்த ஒரு ஏலத்தில் வங்கிக்குக் கிடைத்த மொத்தத் தொகை 5.35 டாலர். வாங்கியவற்றைக் கூட்டத்தார் உரியவரிடமே திருப்பித் தந்தார்கள்.

இதை வெறும் பரிவுக் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் அச்சுறுத்தலும் இருந்தது. 1932 ஆகஸ்டில் மைலோ ரீனோ தலைமையிலான விவசாயிகள் சங்கம் விளைபொருளைச் சந்தைக்கு அனுப்ப மறுத்து நடத்திய போராட்டத்தில், அயோவாவின் சூ சிட்டிக்குச் செல்லும் சாலைகள் மறிக்கப்பட்டுப் பால் தரையில் கொட்டப்பட்டது. 1933 ஏப்ரலில் அதே மாநிலத்தின் லெ மார்ஸ் நகரில் நீதிபதி சார்லஸ் பிராட்லியை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று, அடமான ஜப்தி உத்தரவில் கையெழுத்திடமாட்டேன் என்று உறுதி கூறும்படி கழுத்தில் கயிறு மாட்டினார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை. பிறகு உயிரோடு விடப்பட்டார். மாநில ஆளுநர் படையை அனுப்பினார். இவற்றுக்கிடையே அயோவா, மினசோட்டா போன்ற மாநிலங்கள் ஜப்தியைத் தள்ளிவைக்கும் சட்டங்களை இயற்றின. மினசோட்டாச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1934இல் தீர்ப்பளித்தது.

மாவுச் சாக்கில் உடை தைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். (திருப்பூர், தையல் தொழில் செய்பவர்)

ஆம் அம்மா. மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்கில் வந்தன. முதலில் அச்சிட்ட பெயரைச் சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டு ஊறவைத்து வெளுத்துவிட்டுத் தைத்தார்கள். இதைக் கவனித்த ஆலைக்காரர்கள் எளிதில் கரையும் மையைப் பயன்படுத்தத் தொடங்கி, பின்னர் பூ அச்சிட்ட துணியிலேயே சாக்கு தைத்து அனுப்பினார்கள். பெரியவர் ஒருவரின் கவுனுக்கு ஒரே அச்சில் மூன்று சாக்குகளாவது வேண்டும். எனவே தீவனம் வாங்கக் கணவரை அனுப்பும்போது மாதிரித் துண்டைக் கொடுத்தனுப்புவார்கள். அடுக்கின் அடியில் இருக்கும் சாக்கைக் கேட்டுக் கடைக்காரரை மூட்டைகளைப் புரட்டவைப்பதும் நடந்தது.

மின்சாரம், தொலைபேசி எல்லாம் இருந்தனவா? (கோயம்புத்தூர், பொறியாளர்)

ஊருக்குள் மின்விளக்கு எரிந்தது. ஊரெல்லையைத் தாண்டினால் இருட்டு. 1930களின் நடுவில் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1935இல் அமைக்கப்பட்ட ஊரக மின்மயத் துறை, விவசாயிகளே நடத்திய கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் தந்து கம்பி இழுக்கச் செய்தது. தொலைபேசியின் கதை நேர்மாறானது: 1920இல் பண்ணைகளில் 39 விழுக்காட்டில் இருந்தது, 1940இல் 25 விழுக்காட்டுக்குக் குறைந்துவிட்டது. மாதக் கட்டணத்தைத் தாங்க முடியாமல் இணைப்பைத் துண்டித்தவர்களும், பேட்டரியில் ஓடும் வானொலியை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

பன்றிகளைக் கொல்ல அரசே பணம் கொடுத்தது சரிதானா? (நாமக்கல், கோழிப் பண்ணையாளர்)

1933இல் விலையை உயர்த்துவதற்காக ஏறத்தாழ 60 லட்சம் பன்றிகளை அரசு வாங்கிக் கொன்றது. நகரங்களில் மக்கள் பசித்திருக்கும்போது இப்படிச் செய்ததை அன்றே பலர் கண்டித்தார்கள். நானும் அதை நியாயப்படுத்த மாட்டேன். ஊருக்கு மெய்யாகவே உதவியது அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் வந்த மக்காச்சோளக் கடன் திட்டம். விவசாயி தன் களஞ்சியத்திலேயே தானியத்தைப் பூட்டி முத்திரையிட வைத்து, புஷலுக்கு 45 சென்ட் கடன் பெறலாம். விலை ஏறினால் விற்று அடைக்கலாம். ஏறாவிட்டால் தானியத்தையே ஒப்படைத்துக் கணக்கை முடிக்கலாம். அந்தப் பணம் நேராகக் கடைக்காரரின் பழைய பற்றுக்கும் பிள்ளைகளின் காலணிக்கும் போனது.

வறட்சி அதற்குள் வந்துவிட்டது. 1934, 1936 ஆண்டுகளில் பயிர் கருகியது. தீவனமின்றித் தவித்த மாடுகளை அரசு விலைக்கு வாங்கியது.

அதே காலத்தில் நம் பகுதியில் என்ன நடந்தது? (கும்பகோணம், மாணவி)

சென்னை மாகாணத்திலும் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. நிலவரியும் வட்டியும் விழவில்லை. இங்கே முட்டைக் கூடையின் இடத்தில் நகை இருந்தது. 1931இல் பிரிட்டன் தன் நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்திருந்த முறையைக் கைவிட்டுத் தங்கத்தின் விலை ஏறியபின், இந்தியக் கிராமங்களின் தங்கம் பெருமளவில் விற்கப்பட்டுக் கப்பலேறியது. ராஜாஜி அமைச்சரவையின் 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அந்த நெருக்கடியின் விளைவே.

கடைசியாக ஒன்று: அந்தப் பற்றுகள் திரும்பி வந்தனவா? (ஈரோடு, முன்பு கேட்ட மளிகைக் கடை உரிமையாளர்)

ஒரு பகுதி வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விளைபொருள் விலை ஏறியதும், பத்தாண்டுப் பழைய பாக்கியைக் கொண்டுவந்து கட்டியவர்கள் உண்டு. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் பெயர்களுக்கு எதிரே பெரும்பாலும் எதுவும் எழுதப்படவில்லை. அத்தகைய நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். மாவு, சர்க்கரை, ஒரு ஜோடிக் குழந்தைக் காலணி என்று பென்சிலில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, ஒரு மார்ச் மாதத்தோடு அந்தக் குடும்பத்தின் பக்கம் நின்றுவிடுகிறது.