வைகிங் வாள்களின் அலகில் பாம்பு நெளிவது போல் தெரியும் கோலம் எப்படி உருவாகிறது? அத்தகைய வாளை இன்று கையால் அடித்துச் செய்ய முடியுமா?

முடியும். நான் இரண்டு வாள்கள் அடித்திருக்கிறேன். முதலாவது தோய்ச்சலின்போது, அதாவது காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கி இறுகவைக்கும்போது, வாய் பிளந்து வீணாயிற்று, இரண்டாவது என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் பல ஆண்டுகளாக நோர்வேயில் வசிக்கிறேன். இரும்பு வேலை என் தொழில் இல்லை. ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு கொல்லன் பட்டறையில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒரு கம்மாலையில், ஆறு ஆண்டுகளாக வார இறுதிகளில் வேலை கற்று வருகிறேன். கோலம் எப்படி உருவாகிறது என்று புரிந்துவிட்டால் வாளை எப்படி அடிப்பது என்பதில் பாதி புரிந்துவிடும் என்பதால், கேள்வியின் இரண்டு பகுதிகளுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அந்தக் கோலம் செதுக்கியதோ பூசியதோ அன்று. தன்மை வேறுபட்ட இரும்புப் பட்டைகளை மாறி மாறி அடுக்கி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒரே கட்டியாகப் பற்றவைக்க வேண்டும். அந்தக் கட்டியைக் கம்பியாக நீட்டி, கயிறு திரிப்பது போல் முறுக்கி, முறுக்கிய கம்பிகள் சிலவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து மறுபடியும் பற்றவைத்தால் அலகின் நடுப்பகுதி கிடைக்கும். பழைய காலத்து இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்தது வெளிறியும் மற்றது கறுத்தும் தெரிந்ததால், திரிந்த அடுக்குகள் அலகின் மேல் நெளிவுகளாகத் தோன்றின. இடப்பக்கம் முறுக்கிய கம்பியும் வலப்பக்கம் முறுக்கிய கம்பியும் அடுத்தடுத்து அமைந்தால் மீன்முள் போன்ற கோலம் வரும். இதைப் பலரும் டமாஸ்கஸ் எஃகு என்று சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் பெற்ற பழைய வாள்களுக்குப் பயன்பட்டதும், தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுக்கப்பட்டு மேலைநாட்டாரால் ஊட்ஸ் என்று அழைக்கப்பட்ட உருக்கில், கரிமம் மிகுந்த உலோகம் மெல்ல ஆறும்போதும் பின்னர் அடிபடும்போதும் கார்பைடு என்ற இரும்பு-கரிமச் சேர்மத்தின் துகள்கள் வரிசையாகச் சேர்வதாலேயே கோலம் பிறக்கிறது. அங்கே அடுக்குவதும் இல்லை, முறுக்குவதும் இல்லை.

வைகிங் வாள் என்று கேட்டிருப்பதால் காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வேலைப்பாடு வைகிங்குகளுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. டென்மார்க்கின் நீடாம், இல்லெருப் ஆகிய சதுப்பு நிலங்களில் கிடைத்த உரோமர் கால வாள்களிலேயே அதைக் காணலாம். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஏழாம் நூற்றாண்டு வாளுக்குள் முறுக்கிய கம்பிக் கற்றைகள் இருப்பதை எக்ஸ்-கதிர்ப் படங்கள் காட்டின. ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளே இதன் உச்சம் என்று நான் கருதுகிறேன். வைகிங் காலத்தின் தொடக்கத்திலும் இத்தகைய வாள்கள் அடிக்கப்பட்டன. பத்தாம் நூற்றாண்டுக்குள் நல்ல எஃகு கூடுதலாகக் கிடைக்கத் தொடங்கியதும், முறுக்கிய நடுப்பகுதிக்குப் பதிலாக, ‘உல்ஃப்பெர்ட்’ என்பது போன்ற பெயர்கள் இரும்புக் கம்பியால் பதிக்கப்பட்ட அலகுகள் வழக்கத்துக்கு வந்தன. நோர்வேயில் மட்டும் 3000-க்கு மேற்பட்ட வைகிங் கால வாள்கள் கிடைத்துள்ளன. அருங்காட்சியகத்தில் அவற்றுட் சிலவற்றின் முன் நான் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன்; துரு ஓர் அடுக்கை ஆழமாகவும் அடுத்ததை மேலாகவும் தின்றிருக்கும் இடங்களில், முறுக்கு கயிற்றின் புரிபோல் எழும்பி நிற்கும். நான் எந்தப் புத்தகத்தில் படித்ததை விடவும் அந்தத் துருவைப் பார்த்துத்தான் அதிகம் கற்றேன்.

முறுக்கியதால் வாள் வலிமை பெற்றது என்று பலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பற்றவைத்த ஒவ்வோர் இணைப்பும் பிளக்கக்கூடிய இடம் என்பதை அடித்துப் பார்த்தவர் அறிவார். அக்கால உலைகளில் இரும்பு சிறு கட்டிகளாகவும் தரம் மாறுபட்டும் கிடைத்ததால் துண்டுகளை இணைத்தே நீண்ட அலகைச் செய்ய வேண்டியிருந்தது; கடினமான எஃகு விளிம்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. ஆனால் இணைத்தவற்றை இத்தனை பொறுமையாக முறுக்கியதற்கு அழகும், அந்த அழகு வாளை ஏந்தியவருக்குத் தந்த மதிப்புமே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி வேலைக்கு வருகிறேன். பழைய இரும்பு கிடைப்பது அரிது என்பதால் இன்று பெரும்பாலோர் செய்வதைப் போலவே, 1084 என்ற கரிம எஃகையும் சுமார் 2% நிக்கல் கலந்த 15என்20 என்ற எஃகையும் எடுத்துக்கொண்டேன். முன்னது அமிலத்தில் கறுக்கும், பின்னது பளிச்சென்று நிற்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் தோய்ச்சலை ஏற்கும். நான்கு கறுப்பும் மூன்று வெளுப்புமாக ஏழு அடுக்குக் கொண்ட இரண்டு கட்டிகளிலிருந்து, 12 மி.மீ. சதுரத்தில் நான்கு கம்பிகளை நீட்டினேன். விளிம்புக்கு 1084 எஃகில் தனியாக ஒரு பட்டையை வைத்துக்கொண்டேன்.

பற்றவைப்பதுதான் இதில் உயிர்நாடி. அடுக்குகளின் முகங்களைப் பளபளக்கும்வரை தேய்த்து, மங்கிய சிவப்பில் வெண்காரம் தூவினால் அது பாகுபோல் உருகி இடுக்குகளில் இறங்கி, காற்றுப் படாமல் காத்து, சூட்டில் இரும்பின் மேல் படியும் ஆக்சைடுச் செதிலையும் கரைக்கும். பின்னர் வெப்பத்தை 1100 முதல் 1200 பாகை செல்சியஸ்வரை ஏற்ற வேண்டும். உலையின் மஞ்சள் வெளிச்சத்தில் இரும்பின் மேற்பரப்பு ஈரமாக மினுங்கத் தொடங்குவதே அடையாளம். பொறி பறந்தால் எஃகு எரியத் தொடங்கிவிட்டது. முதல் அடி மென்மையாக விழ வேண்டும், ஏனெனில் அந்த நேரத்தில் நாம் வடிவம் கொடுப்பதில்லை, முகத்தோடு முகத்தை ஒட்ட வைக்கிறோம். ஒட்டாத இடம் இருந்தால் கட்டி ஆறும்போது காட்டிக்கொடுக்கும்: அடியிலிருந்து வெப்பம் வந்து சேராததால் அந்த இடத்து மேலடுக்கு முந்திக் கறுத்து, ஒரு நிழல்போல் தெரியும். ஆசான் எனக்கு முதலில் கற்பித்தது அந்த நிழலைப் பார்க்கத்தான். சுத்தியலை எப்படிப் பிடிப்பது என்பதைக்கூட அதன் பிறகே சொல்லிக் கொடுத்தார்.

அடுத்தது முறுக்கு. கம்பியை நல்ல மஞ்சள் நிறத்துக்குக் காய்ச்சி, ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறு முனையை இரட்டைக் கைப்பிடி கொண்ட முறுக்குக் கோலால் பற்றித் திருப்ப வேண்டும். வெப்பம் கூடிய இடம் விரைவாகச் சுற்றும், குறைந்த இடம் அசையாது. அதனால் பக்கத்தில் ஒரு குவளையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வேகமாகச் சுற்றும் இடத்தில் சில துளிகள் ஊற்றி அதை நிறுத்திக்கொண்டே போக வேண்டும். வாளை அடித்து நீட்டும்போது முறுக்கும் சேர்ந்து நீளும் என்பதால், கண்ணுக்கு அளவுக்கு மீறித் தெரியும்படி இறுக்கமாக முறுக்க வேண்டும்; நான் 10 செ.மீ. நீளத்துக்கு எட்டுச் சுற்று வைத்தேன். பற்றவைப்பில் பொய் இருந்தால் முறுக்கு அதை மறைக்காது, அடுக்குகள் வாழைமடல்போல் அங்கேயே விரிந்துவிடும். ஒரு கம்பி அப்படி விரிந்ததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைச் செய்தேன். விரியாமல் தப்பிய மற்றவற்றின் மேல் அதன் பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதல் வாள் எங்கே கெட்டது என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தொடங்குகிறவர்கள் இதே இடத்தில்தான் தவறக்கூடும். முறுக்கிய கம்பியின் மேல் திருகாணிக்கு இருப்பதுபோன்ற சுழல் பள்ளங்கள் இருக்கும். கம்பியை மீண்டும் சதுரமாக அடித்தபோது பள்ளங்கள் மூடிக்கொண்டன, கண்ணுக்கு முகம் சமமாகத் தெரிந்தது. நான் அதைப் போதுமென்று எண்ணித் தேய்க்காமலே அடுக்கிவிட்டேன். மூடிய பள்ளங்களுக்குள் செதிலும் வெண்காரக் கசடும் அடைபட்டிருந்தன. அலகு நீண்டது, வடிவம் வந்தது, பட்டடையில் கணீரென்று ஒலித்தது. கடைசியில் எண்ணெயில் இறக்கியபோது ‘டிக்’ என்ற மெல்லிய ஒலி கேட்டது. வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தால், நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், விளிம்புப் பட்டைக்கும் நடுக் கம்பிக்கும் இடையில் ஒரு மயிரிழைக் கோடு ஏழு செ.மீ. நீளத்துக்கு ஓடியிருந்தது. நான்கு மாத வேலை அந்தக் கோட்டில் முடிந்தது. அன்று நான் யாரோடும் பேசவில்லை. மறு வாரம் ஆசான் அதைக் குறுக்கே அறுத்து, கோட்டின் உட்சுவரில் படிந்திருந்த கரிய கசடை உருப்பெருக்கியில் காட்டினார். அந்தத் துண்டு இன்றும் என் மேசையில் இருக்கிறது.

இரண்டாவது முறை, சதுரமாக்கிய கம்பிகளின் நான்கு முகங்களையும் பள்ளத்தின் சுவடு முற்றிலும் மறையும்வரை தேய்த்தேன். இதனால் நல்ல இரும்பில் கணிசமான பங்கு பொடியாகப் போகும். அதைக் கணக்கிட்டு முதலிலேயே தடித்த கம்பியாக வைத்துக்கொள்ள வேண்டும். இடமுறுக்கு, வலமுறுக்கு என மாறி மாறி நான்கையும் இணைத்த பின், விளிம்புப் பட்டையைக் கொண்டையூசிபோல் இரண்டாக வளைத்து நடுப்பகுதியைச் சுற்றிப் பொருத்தினேன். வளைவின் உட்புறமும் நடுப்பகுதியின் கூர்முனையும் ஒன்றில் ஒன்று இடைவெளியின்றி அமர வேண்டும். இந்த இரண்டையும் அரத்தால் பொருத்துவதற்கு மட்டும் எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. நுனியை முதலில் பற்றவைத்து, பிறகு கைப்பிடியை நோக்கி ஒரு சாண், ஒரு சாணாக நகர்ந்தேன். அலகு முழுவதையும் ஒரே சூட்டில் பற்றவைக்க இயலாது.

அலகின் நடுவே நீளவாக்கில் ஓடும் பள்ளத்தைத் தோண்டும்போது இந்த வேலையின் மிக அழகான கட்டம் வருகிறது. முறுக்கிய கம்பியின் மேற்பரப்பில் கோடுகள் சாய்வாகவே ஓடும். தேய்த்து உள்ளே போகப் போக அவை வளைந்து, கம்பியின் மையத்தை நெருங்கும்போது வில்களாகவும் நட்சத்திரங்களாகவும் மாறும். எந்த ஆழத்தில் நிறுத்துகிறோமோ அந்தக் கோலமே அலகில் நிற்கும். ஆகவே பழைய வாள்களில் ஒரே அலகில் சாய்கோடும் வளைகோடும் கலந்து தெரிந்தால், அந்த இடத்தில் எவ்வளவு உலோகம் தேய்க்கப்பட்டது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

தோய்ச்சலுக்கு முன் மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் உலோகத்தின் மணிகள் நுண்மையாகும், அடித்ததால் ஏற்பட்ட இறுக்கமும் தளரும். பிறகு சுமார் 800 பாகைக்கு ஏற்றி, 55 பாகையில் வைத்திருந்த கடுகின எண்ணெயில் நுனி கீழாகச் செங்குத்தாக இறக்கினேன். எடுத்த முதல் சில விநாடிகள் எஃகு முழுவதும் இறுகியிருக்காது. அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்து, தடித்த கையுறையோடு வளைவை நிமிர்த்திவிட வேண்டும். இறுகிய எஃகு நொறுங்காதிருக்க, உடனே 220 பாகையில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை சூடாக்கிப் பதப்படுத்தினேன். வீட்டு அடுப்பு இந்த நீளத்துக்குப் போதாது.

மெருகேற்றிய அலகை, தண்ணீர் கலந்த பெரிக் குளோரைடில் பத்துப் பத்து நிமிடமாக ஊறவைத்து, இடையிடையே கழுவித் துடைத்தால் 1084 கறுத்து, நிக்கல் அடுக்குகள் வெள்ளிக் கோடுகளாக எழும். நான் மிகக் கறுப்பாக விடவில்லை, ஏனெனில் பழைய வாள்களில் கோலம் இவ்வளவு ஓங்கித் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோர்மாக் என்ற கவிஞனைப் பற்றிய, சாகா எனப்படும் ஐஸ்லாந்துப் பழங்கதையில் ஸ்கோஃப்னுங் என்ற வாளைப் பெறுகிறவனுக்கு, அலகை உயர்த்தி அதன்மேல் ஊதினால் கைப்பிடியின் அடியிலிருந்து ஒரு சிறு பாம்பு ஊர்ந்து வரும் என்று சொல்லப்படுகிறது. மூச்சின் ஈரம் படிந்தபோது வெளிப்பட்ட கோலமே அந்தப் பாம்பு என்று கருதுவோர் உண்டு. என் வாளில் ஊதிப் பார்த்தேன். பனிப்படலம் விலகும் கணத்தில் கோடுகள் அசைவது போலவே இருந்தது.

கைப்பிடியை, நோர்வேத் தொல்லியலாளர் யான் பெட்டர்சென் 1919-இல் எழுத்து வரிசையில் வகுத்த வகைகளில், நோர்வேயில் மிகுதியாகக் கிடைக்கும் எச் வகையைப் பார்த்துச் செய்தேன். அலகு 76 செ.மீ., முழு வாளின் எடை சுமார் 1.2 கிலோ.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் வாளில் தொடங்காதீர்கள். காற்றோட்டமான இடமும் கண்ணுக்குத் தகுந்த காப்பும் முதலில் அமையட்டும். துத்தநாகம் பூசிய இரும்பை ஒருபோதும் உலையில் வைக்காதீர்கள், அதன் புகை நஞ்சு. ஏழு அடுக்கில் ஒரு கட்டி செய்து, இரண்டு கம்பிகளாக்கி, எதிரெதிராக முறுக்கி, ஒரு விளிம்புப் பட்டையோடு பற்றவைத்து 15 செ.மீ. கத்தி ஒன்றை அடியுங்கள். அதை முடித்து வைத்துக்கொள்ள ஆசைப்படாமல், இரண்டு இடங்களில் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, பெரிக் குளோரைடில் நனைத்துப் பாருங்கள். இணைப்பில் எங்கேனும் கருங்கோடு தெரிந்தால் அடுத்த கத்தியையும் அப்படியே அறுங்கள். நான் கோடில்லாத முகத்தைப் பார்த்தது ஐந்தாவது கத்தியில்.