ஃபோரமில் எழுதினால் பேக்லிங்க் கிடைக்குமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாடித்தோட்டத்துக்கான வளர்ப்புப் பைகள், விதை, மண்புழு உரம் விற்கும் இணையதளம் நடத்துகிறேன். "5,000 ரூபாய் கொடுங்கள், 500 ஃபோரம் பேக்லிங்க் போட்டுத் தருகிறேன், டிஏ (டொமைன் அத்தாரிட்டி என்ற மதிப்பெண்) 30-க்குப் போய்விடும்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கொடுக்காதீர்கள். ஃபோரம் என்பது பலர் கூடிக் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் இணையதளம்; பேக்லிங்க் என்பது வேறு தளத்தில் இருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க். அந்த 500 லிங்க் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். கவனிப்பாரில்லாமல் கிடக்கும் பழைய ஃபோரம்களின் பட்டியல் இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மென்பொருள் அவை ஒவ்வொன்றிலும் கணக்கு தொடங்கி, ப்ரொஃபைல் பக்கத்திலோ பதிவுக்குக் கீழே வரும் சிக்னேச்சரிலோ உங்கள் முகவரியை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கார் உதிரிபாகம் பற்றி வேறு மொழியில் பேசும் ஃபோரமில் "மாடித்தோட்ட விதை குறைந்த விலை" என்று ஒரு லிங்க் இருந்தால் அதை யார் அழுத்தப்போகிறார்கள்?

கூகுளும் அதை மதிக்காது. 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க் முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு பக்கத்துக்கு எத்தனை லிங்க் வருகிறது, யாரிடமிருந்து வருகிறது என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டார்கள். உடனே ஆளாளுக்கு ஃபோரம்களிலும் கருத்துப் பெட்டிகளிலும் லிங்க் கொட்ட ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து, இந்த லிங்க்கை மதிப்பீட்டில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறியை அறிமுகப்படுத்தின. 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்த பெங்குவின் அப்டேட், செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்களைத் தேடலில் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் இருந்து பெங்குவின் கூகுளின் மைய அல்காரிதத்திலேயே ஓடுகிறது. தளத்தைத் தள்ளுவதைவிட அந்த லிங்க்கை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் இப்போது வழக்கம். 2022 டிசம்பரில் ஸ்பேம்பிரெய்ன் என்ற ஏஐ அமைப்பையும் இந்த வேலைக்கு இறக்கினார்கள். கூகுளின் ஸ்பேம் விதிகளில், பதிவிலோ சிக்னேச்சரிலோ விற்பனைச் சொற்களை வைத்துப் போடும் ஃபோரம் லிங்க் பெயர் சொல்லியே விதிமீறலாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, நல்லபடியாக நடந்தால் உங்கள் 5,000 ரூபாய் வீண். மோசமாக நடந்தால் கூகுள் ஊழியரே பார்த்து 'மேனுவல் ஆக்‌ஷன்' எடுப்பார். தேடலில் தளம் காணாமல்கூடப் போகலாம்.

டிஏ பற்றியும் ஒரு வார்த்தை. அது மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணிப்பில் போடும் மதிப்பெண். டிஆர் (டொமைன் ரேட்டிங்) என்பது ஏரெஃப்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் போடும் அதேபோன்ற மதிப்பெண். இரண்டையும் கூகுள் பயன்படுத்துவதில்லை. டிஏ ஏறியதைக் காட்டிக் காசு கேட்பவரிடம், எத்தனை பேர் புதிதாகத் தளத்துக்கு வந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: ஃபோரம் லிங்க்குகள் எல்லாமே நோஃபாலோதான் என்கிறார்கள். பிறகு எதற்கு அங்கே மெனக்கெட வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: பெரிய தளங்களில் பெரும்பாலும் அப்படித்தான். ரெடிட், கோரா இரண்டிலும் நோஃபாலோதான். விக்கிப்பீடியா 2007-லேயே எல்லா வெளி லிங்க்குகளுக்கும் அதைப் போட்டுவிட்டது. 2019 செப்டம்பரில் கூகுள் இரண்டு புதிய குறிகளைச் சேர்த்தது: பயனர்கள் எழுதியதற்கு யுஜிசி, காசு கொடுத்துப் பெற்றதற்கு ஸ்பான்சர்ட். இந்த மூன்றையும் கட்டளையாக இல்லாமல் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றும் அப்போது சொன்னது. ஆனால் 'குறிப்பு' என்ற அந்தச் சொல்லை நம்பி ஃபோரம் ஃபோரமாக ஏறி இறங்குவது வீண் உழைப்பு.

மெனக்கெட வேண்டியதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆட்கள். "தக்காளிக் காயின் அடி கருத்துப்போகிறது, என்ன செய்ய?" என்று ஒருவர் கேட்ட பக்கம் பல வருடங்களுக்குத் தேடலில் வந்துகொண்டே இருக்கும். அதே பிரச்சினை உள்ள இன்னொருவர் அங்கே வந்து உங்கள் பதிலைப் படித்துத் தளத்துக்கு வருவார். தற்செயலாக விளம்பரத்தை அழுத்தியவரைவிட அவர் வாங்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, உண்மையான பேக்லிங்க். தோட்டக்கலை பற்றிச் சொந்தத் தளத்தில் எழுதுபவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், செய்தியாளர்கள் எல்லோரும் தகவல் தேடி இந்த ஃபோரம்களுக்கு வருகிறார்கள். உங்கள் தளத்தில் உள்ள ஓர் அட்டவணையோ குறிப்போ பயன்பட்டால் தங்கள் கட்டுரையில் அவர்களே லிங்க் கொடுப்பார்கள். நோஃபாலோ இல்லாத, மதிப்புள்ள லிங்க் அங்கிருந்துதான் வரும். மூன்றாவது, மக்கள் எந்தச் சொற்களில் கேட்கிறார்கள் என்று தெரியும். அடுத்து என்ன கட்டுரை எழுதலாம் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு ஃபோரமில் நோஃபாலோ இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், மதுரை

பதில்: கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, யாராவது போட்ட வெளி லிங்க் மீது வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். அந்த வரியில் 'ரெல்' என்ற இடத்தில் நோஃபாலோவோ யுஜிசியோ இருக்கிறதா என்று பாருங்கள். லாகின் செய்யாமல் பார்ப்பது முக்கியம்; கூகுளும் லாகின் இல்லாமல்தான் பார்க்கிறது. லாகின் செய்தால்தான் பதிவே தெரியும் என்றால் அந்த லிங்க் கூகுளுக்கு இல்லாத மாதிரிதான். சில ஃபோரம்கள் லிங்க்கை நேராகக் கொடுக்காமல் 'வெளியேறுகிறீர்கள்' என்று ஓர் இடைப்பக்கம் வழியாக அனுப்பும், அதையும் கவனியுங்கள். மேலே பக்கத்தின் தலைப்பகுதியில் நோஇண்டெக்ஸ் இருந்தால் அந்தப் பக்கம் தேடலுக்கே வராது.

கேள்வி: நான் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். சேர்ந்த அன்றே போட்ட பதிவை ஸ்பேம் என்று நீக்கிவிட்டார்கள். சரியாகத் தொடங்குவது எப்படி?
– வாசகி, ஈரோடு

பதில்: சேர்ந்த அன்றே லிங்க் போட்டதுதான் காரணம். புதுக் கணக்கின் முதல் பதிவில் லிங்க் இருந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே வடிகட்டி அதைப் பிடித்துவிடும்.

இன்று பல ஃபோரம்கள் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இயங்குகின்றன. அதில் உறுப்பினர்களுக்கு 0 முதல் 4 வரை நம்பிக்கைப் படிகள் உண்டு. வழக்கமான அமைப்பில், 0-ல் இருப்பவர் ஒரு பதிவில் 2 லிங்க்குக்கு மேல் போட முடியாது. 1-க்குப் போக 5 தலைப்புகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, மொத்தம் 10 நிமிடமாவது செலவிட்டிருக்க வேண்டும். 2-க்குப் போக 15 நாள் வந்திருக்க வேண்டும், 100 பதிவுகள் படித்திருக்க வேண்டும், 3 தலைப்புகளில் பதில் எழுதியிருக்க வேண்டும், ஒரு லைக்காவது வாங்கியும் கொடுத்தும் இருக்க வேண்டும். 3-ம் படிக்கு வந்தவரின் லிங்க்குகளில் நோஃபாலோவை மென்பொருளே எடுத்துவிடும். நிர்வாகி விரும்பினால் அதையும் தடுக்கலாம். 100 நாளில் பாதி நாளாவது வந்து போகிறவருக்குத்தான் அந்தப் படி. இந்த எண்களையும் நிர்வாகி கூட்டிக் குறைக்க முடியும். ரெடிட்டில் பல குழுக்கள் கணக்கின் வயதுக்கும் கர்மா புள்ளிக்கும் (மற்றவர்களின் ஓட்டால் சேரும் மதிப்பு) குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கின்றன. பத்துப் பதிவில் ஒன்றுக்கு மேல் சொந்தத் தளத்தைக் காட்டக்கூடாது என்ற பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழுக்களும் உண்டு. ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளக் குடும்பத்தில் தோட்டக்கலைக்கென்றே தனித் தளம் இருக்கிறது. அங்கே சொந்தத் தளத்துக்கு லிங்க் கொடுத்தால் "இது என்னுடையது" என்று சொல்லியே ஆக வேண்டும். வெறும் லிங்க் மட்டும் உள்ள பதிலை நீக்கிவிடுவார்கள்.

அதனால் முதல் மூன்று நான்கு வாரம் லிங்க்கையே மறந்துவிடுங்கள். நாளுக்கு ஒரு கேள்வியை எடுத்து, லிங்க் இல்லாமல் முழுமையாகப் பதில் எழுதுங்கள். அதன்பிறகு லிங்க் தேவைப்படும் இடத்தில் மட்டும் வையுங்கள். தக்காளிக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். தவறான பதில் இப்படி இருக்கும்: "இது கால்சியம் குறைபாடு. முழு விவரம் எங்கள் தளத்தில்." இதை நீக்குவது நியாயம்தான். கேட்டவருக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

நல்ல பதில் இப்படி இருக்கலாம்: "காயின் அடிப்பகுதிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது இது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். பை ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் தண்ணீர் தேங்கியும் இருந்தால் செடியால் அதைக் காய்க்கு அனுப்ப முடியாது. முட்டை ஓட்டுத்தூள் மட்கப் பல மாதம் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. கருத்த காய் தேறாது, பறித்துவிடுங்கள். இனி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இல்லையென்றால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பையின் மேல் காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். தழைச்சத்து உரத்தைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். பையின் அளவுக்கு ஏற்ப வெயில் காலத்தில் எப்போதெல்லாம் தண்ணீர் தேவைப்படும் என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன் (என் தளம்தான், பைகள் விற்கிறேன்)."

லிங்க்கை எடுத்துவிட்டாலும் இந்தப் பதில் முழுமையாக நிற்கிறது. லிங்க் போகும் இடம் முகப்புப் பக்கமோ விற்பனைப் பக்கமோ இல்லை, அந்த அட்டவணை உள்ள பக்கம். லிங்க் வைத்த சொல் "அட்டவணை"தான்; "சிறந்த வளர்ப்புப் பை விலை" போன்ற விற்பனைச் சொற்கள் இல்லை. விற்பவர் நான்தான் என்பதும் வெளிப்படையாக இருக்கிறது. இந்தப் பதிவை நிர்வாகி நீக்குவது அபூர்வம். அட்டவணையை முதலில் தயார் செய்யுங்கள். காட்ட ஒன்றும் இல்லாத தளத்துக்கு லிங்க் கொடுத்து என்ன பயன்?

கேள்வி: வேறு எதற்கெல்லாம் தடை செய்வார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒரே பதிலை நாலு இடத்தில் ஒட்டுவது. சுருக்கிய லிங்க் போடுவது. ஐந்து வருடம் முன்பு முடிந்துபோன உரையாடலைத் தோண்டி எடுத்து "நல்ல தகவல், நன்றி" என்று எழுதிச் சிக்னேச்சரைக் காட்டுவது. பழைய பதிவில் பிறகு போய் லிங்க்கைச் செருகுவது; திருத்த வரலாறு நிர்வாகிக்குத் தெரியும். ஏஐ எழுதித் தந்ததை அப்படியே ஒட்டுவது. எல்லாவற்றையும்விட மோசமானது, இரண்டாவது கணக்கில் கேள்வி கேட்டு முதல் கணக்கில் நீங்களே பதில் சொல்வது. ஒரே ஐபி முகவரி என்று நிர்வாகி கண்டுபிடித்தால் இரண்டு கணக்கும் போகும், உங்கள் டொமைனையே தடைப்பட்டியலில் சேர்த்துவிடுவார். அதன்பிறகு உங்கள் வாடிக்கையாளர் நல்ல மனதோடு உங்கள் லிங்க்கைப் போட்டாலும் ஏறாது.

கேள்வி: தமிழில் எங்கே எழுதலாம்?
– வாசகி, கோவை

பதில்: தமிழ் கோராவில் கேள்விகள் தேடலுக்கு வருகின்றன, அங்கே தொடங்குங்கள். முகநூலில் மாடித்தோட்டக் குழுக்கள் கலகலப்பாக இருக்கும். மூடிய குழு என்றால் கூகுள் உள்ளே பார்க்க முடியாது, ஆனால் வாங்குகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். வாட்ஸப் குழுவும் அப்படியே.

கேள்வி: போன வருடம் தெரியாமல் 300 லிங்க் வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: முதலில் சர்ச் கன்சோலில் (தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் கருவி) 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் பதற வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கூகுள் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும். அறிவிப்பு வந்திருந்தால், லிங்க் போட்டவரிடமே எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாதவற்றை 'டிஸ்அவோ' கருவியில் (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்வது) கொடுக்கலாம். சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும். வரிக்கு ஒன்றாக, ஆங்கிலத்தில் டொமைன் என்ற சொல், முக்காற்புள்ளி, பிறகு இடைவெளி விடாமல் தளத்தின் பெயர். ஒரு தளத்தின் நூறு பக்கங்களைத் தனித்தனியாக எழுத வேண்டாம், டொமைன் வரி ஒன்றே எல்லாவற்றையும் பிடிக்கும்.

இரண்டு இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். சர்ச் கன்சோலில் தளத்தை 'டொமைன்' வகையில் மட்டும் சேர்த்திருந்தால் இந்தக் கருவி வேலை செய்யாது. முழு முகவரியோடு 'யுஆர்எல் முன்னொட்டு' வகையிலும் சேர்க்க வேண்டும். அடுத்து, புதுக் கோப்பு ஏற்றினால் பழையது அழிந்துவிடும். அதனால் பழைய வரிகளையும் சேர்த்தே ஏற்றுங்கள். பிறகு, என்ன நடந்தது, எதை எடுத்தீர்கள் என்று மறைக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். பதில் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். நல்ல தளங்களைத் தவறுதலாக இந்தக் கோப்பில் போட்டால் இருக்கிற மதிப்பும் போகும், ஆகவே ஒவ்வொரு பெயரையும் திறந்து பார்த்துவிட்டே எழுதுங்கள்.

கேள்வி: ஃபோரமில் எழுதுவது பலன் தருகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சர்ச் கன்சோலின் 'லிங்க்ஸ்' பக்கத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். நோஃபாலோ லிங்க்கும் அங்கே வரும். பட்டியலில் இருப்பதால் மதிப்பு கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. கூகுள் அனலிட்டிக்ஸில் டிராஃபிக் அக்விசிஷன் அறிக்கையைத் திறந்து, ரெஃபரல் வரிசையில் எந்த ஃபோரமில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பாருங்கள். செல்போன் ஆப் வழியாக வருபவர்கள் பல நேரம் 'டைரக்ட்' (நேரடியாக வந்தவர்கள்) கணக்கில் விழுவார்கள், ஆகவே உண்மை எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இதற்காக எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் நீளமான யுடிஎம் குறிகளை லிங்க்கில் சேர்க்க வேண்டாம், பார்த்தவுடன் விளம்பரம் என்று தெரிந்துவிடும்.

மூன்று மாதம் ஒழுங்காக எழுதியும் ஒரு ஃபோரமில் இருந்து ஆளே வரவில்லை, யாரும் பதிலுக்குப் பதில் எழுதவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி வந்த அன்றே பதில் சொல்ல முடிகிற அளவுக்கு மட்டும் போதும்.