படுக்கையிலிருந்து தெரிகிற வீடு

வீடும் உடம்பும்: வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் முப்பத்தோரு வருடங்களாக வீடுகளையும் சிறிய மருத்துவமனைகளையும் வடிவமைத்து வருபவர்.)

கேள்வி: என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார் மருத்துவர். ஆனால் அத்தை எழுந்து நடக்க மறுக்கிறார். பகலெல்லாம் தூங்குகிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார். தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று பின்பக்க அறையைக் கொடுத்திருக்கிறோம். அறைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிற நேரமாகப் பார்த்து, அவருடைய கட்டிலில், அவர் படுக்கிற மாதிரியே பத்து நிமிடம் படுத்திருங்கள். கைபேசி வேண்டாம். என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை, எது கண்ணைக் குத்துகிறது என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒன்பது வருடங்களுக்கு முன் கால் முறிந்து ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் மல்லாந்து கிடந்தேன். அதுவரை இருபத்திரண்டு வருடம் அறைகளை வரைந்தவள். எல்லாவற்றையும் நிற்கிறவரின் கண்ணால்தான் வரைந்திருக்கிறேன். அங்கே முகத்துக்கு நேர் மேலே டியூப்லைட். கண்ணை மூடினாலும் சிவப்பாகத் தெரியும். ஜன்னல் பெரியதுதான், ஆனால் என் தலைமாட்டில் இருந்தது. பார்க்க வந்தவர்கள் என் தலைக்கு மேலாக வெளியே பார்த்து "மழை வரும் போலிருக்கிறது" என்பார்கள். எனக்கு அது யாரோ சொன்ன செய்தி. ஏழாம் நாள் ஒரு செவிலியர், நான் கேட்காமலே, கட்டிலைத் திருப்பிப் போட்டார். எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியும், ஒரு மரத்தின் உச்சிக் கிளைகளும் தெரிந்தன. அன்று சாயங்காலம் மணி என்ன என்று நான் யாரையும் கேட்கவில்லை.

படுத்திருப்பவருக்குச் சீலிங்தான் எதிர்ச்சுவர் என்பதை ஃபின்லாந்தின் அல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார். 1933-இல் முடிந்த பைமியோ காசநோய் மருத்துவமனை அவர் கட்டியது. அந்த வேலை நடந்த காலத்தில் தானே நோயாளியாகப் படுத்திருந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அங்கே சீலிங்குக்கு, கண்ணுக்கு இதமாக, அடங்கிய பச்சை அடித்தார். விளக்கை நோயாளியின் பார்வையில் நேராகப் படாத இடத்துக்கு நகர்த்தினார். சீலிங்கிலிருந்து வரும் வெப்பம் தலையில் படாமல் கால் பக்கம் விழும்படி செய்தார். ஓர் அறையில் இரண்டு நோயாளிகள். ஒருவர் கை கழுவும்போது மற்றவர் விழித்துவிடக் கூடாது என்று, தண்ணீர் சத்தமில்லாமல் சரிந்து விழுகிற மாதிரி வாஷ்பேசினையே சாய்த்து வடிவமைத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் தூக்கத்தைப் பற்றி ஒரு மனிதர் அவ்வளவு யோசித்திருக்கிறார்!

ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 23 பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. வயதிலும் மற்ற விஷயங்களிலும் அவர்களுக்கு இணையான இன்னொரு 23 பேரின் ஜன்னலில் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. 46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். மரம் பார்த்தால் எலும்பு சேரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதைச் சின்ன விஷயமாக ஒதுக்க அதற்கப்புறம் என்னால் முடியவில்லை.

இரவு பகல் மாறிப்போனதற்கு வருகிறேன். நம் கண்ணின் விழித்திரையில் பார்வைக்கு உதவுகிற செல்களோடு, வெளிச்சத்தின் அளவை மூளையின் கடிகாரத்துக்குத் தெரிவிக்கிற செல்களும் உண்டு. மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் இருக்கும். விளக்குப் போட்ட பின்பக்க அறையில் 100, 200 லக்ஸ் இருந்தால் அதிகம். அத்தையின் உடம்புக்குப் பகல் வந்ததே தெரியவில்லை. அப்புறம் இரவு எப்படித் தெரியும்?

ஆகவே, முடிந்தால் அத்தையை முன்பக்க அறைக்கு மாற்றுங்கள். வீட்டு நடமாட்டம் அவருக்குத் தொந்தரவாக இருக்காது, துணையாகத்தான் இருக்கும். ஜன்னல் அவருடைய பக்கவாட்டிலோ கால்மாட்டிலோ இருக்கட்டும். காலையில் ஒரு மணி நேரமாவது ஜன்னலோரம், இன்னும் நல்லது வாசலில், உட்கார வையுங்கள். இரவில் மேல் விளக்கை அணைத்துவிட்டு, கழிவறைக்குப் போகிற வழியில் தரையோரமாக ஒரு மங்கலான மஞ்சள் விளக்கு மட்டும் போதும். கண்ணில் படுகிற மாதிரி பெரிய எழுத்துக் கடிகாரம். பார்க்க வருகிறவர் உட்கார, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எப்போதும் இருக்க வேண்டும். நாற்காலி இல்லாத அறையில் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள்.

நடக்க மறுப்பதற்கு வலியோ, மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயமோ, மனச்சோர்வோ காரணமாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அறையை மாற்றுவது அதற்கு மாற்று ஆகாது.

கேள்வி: எந்த நிறம் அடித்தால் உடம்புக்கு நல்லது?

எந்த நிறத்திலும் மருந்து இல்லை. உங்களுக்குப் பிடித்ததை அடியுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், வேறு ஒரு காரணத்துக்காக நிறத்தைக் கவனியுங்கள்: படியின் விளிம்பும் கழிவறைக் கைப்பிடியும் பின்னணியிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரிய வேண்டும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி மங்கிய கண்ணுக்கு இல்லாத மாதிரிதான்.

கேள்வி: ஏசி போட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துத் தூங்குகிறோம். எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் தலை கனக்கிறது. கணவருக்கும் அப்படியே. ஏசியை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், ஜன்னலைத் திறங்கள். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சுவருக்கு வெளியே ஒரு பெட்டி இருப்பதால் காற்று அங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் குழாய்களில் ஓடுவது குளிர்விக்கும் திரவமும் வாயுவும்தான். அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் ஏசி திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. நீங்கள் இருவரும் மூச்சில் விட்ட கரியமில வாயு வெளியே போக வழியில்லை. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 420 பங்கு. 1,000-ஐத் தாண்டினால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை என்று பொறியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். நன்றாக அடைத்த சின்னப் படுக்கையறையில் இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் 2,000-ஐத் தாண்டுவது சாதாரணம். அதை அளக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது. ஓர் இரவு வைத்துப் பார்த்தால் நீங்களே நம்புவீர்கள்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே நோயாளியைக் கவனிப்பதற்கான விதிகளில் முதலாவதாக இதைத்தான் எழுதினார்: உள்ளே இருப்பவர் சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போலச் சுத்தமாக இருக்க வேண்டும், அதே சமயம் அவருக்குக் குளிரவும் கூடாது. தூங்கும்முன் கால் மணி நேரம் எதிரெதிரான இரண்டு திறப்புகளைத் திறந்து வையுங்கள். ஒரு ஜன்னல் மட்டும் திறந்தால் காற்று தயங்கி நிற்கும். போக வழி இருந்தால்தான் வரும். இரவு முழுக்க ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தாலே போதும், குளிர்ச்சி கொஞ்சம்தான் குறையும். வெளியே புகையும் தூசியும் அதிகமென்றால், வடிகட்டியோடு வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறி ஒன்று பொருத்தலாம். குறட்டை இருந்தாலோ, இதற்குப் பிறகும் தலை கனம் போகாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பா வீட்டு மாடிப்படியில் இரண்டாவது முறையாக விழுந்துவிட்டார். இரண்டு முறையும் கடைசிப் படியில். "வயசாயிடுச்சு, கவனம் இல்லை" என்று எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். படியில் ஏதாவது கோளாறு இருக்குமா?

அப்பாவைத் திட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அளவு நாடா எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். கடைசிப் படி மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த ஆறாம் வருடம், ஒரு வீட்டில் கான்கிரீட் படிகளைச் சரியாக வார்த்தோம். அப்புறம் கீழ்த்தளத்துக்குத் தடிமனான கல் போட வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார், சரி என்றேன். தரை உயர்ந்தது, கடைசிப் படி மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. குடிபுகுந்த மூன்றாம் மாதம் அந்த வீட்டுப் பெரியம்மா அங்கேதான் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. நான் போய்ப் பார்த்தபோது அவர் "என் மேலதாம்மா தப்பு, பார்க்காம வந்துட்டேன்" என்றார். என் தப்பு என்று அவரிடம் சொன்னேன், படியை இடித்துச் சரிசெய்தேன். அந்த மணிக்கட்டு பழையபடி ஆகவில்லை.

முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் அளவைப் பழகிக்கொள்ளும். அதன்பிறகு நாம் பார்த்து இறங்குவதில்லை, பாதம் நினைவில் வைத்து இறங்குகிறது. அரை விரல் வித்தியாசம் வந்தாலும் பாதம் ஏமாந்துபோகும். படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி அதோடு மிதியின், அதாவது கால் வைக்கிற பரப்பின், அகலத்தைக் கூட்டினால் நடக்கும்போது எடுத்து வைக்கிற ஓர் எட்டின் நீளம் வர வேண்டும் என்று ஃபிரான்சில் ஃபிரான்சுவா பிளாண்டெல் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். இன்றும் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறோம்; 60 முதல் 65 சென்டிமீட்டருக்குள் வரும். உயரம் 16, மிதி 30 என்றால் 62. வயதானவருக்கு ஏற்ற அளவு.

படியை இடிக்க முடியாவிட்டால் இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். அது கடைசிப் படியோடு நின்றுவிடாமல் ஓர் அடியாவது தாண்டிப் போக வேண்டும். மேலேயும் கீழேயும் விளக்கு சுவிட்ச். படியில் கால்மிதி விரிப்பு வேண்டவே வேண்டாம். குளியலறையிலும் ஒரு கண் வையுங்கள்: துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து அப்பா எழுகிறார் என்றால் அது ஒரு நாள் சுவரோடு பெயர்ந்து வரும். உடல் எடையைத் தாங்கும் கைப்பிடியாக, சுவருக்குள் ஆழமாகத் திருகிப் பொருத்துங்கள்.

கேள்வி: மகளுடைய படிப்பறை சாலையைப் பார்த்திருக்கிறது. "சத்தம் பழகிடுச்சும்மா" என்கிறாள். ஆனால் படித்தது மனதில் நிற்கவில்லை. விட்டுவிடலாமா?

பழகிவிட்டது என்று அவள் சொல்வது உண்மைதான். அதற்காகச் சத்தம் அவளைப் பாதிக்கவில்லை என்று ஆகாது. நியூயார்க்கில் ஒரு பள்ளியை ஒட்டி மேம்பால ரயில் பாதை இருந்தது. ரயில் பக்க வகுப்புகளில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்ததை உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975-இல் வெளியிட்டார். தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்து, வகுப்பறைச் சீலிங்கில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தினார்கள். சில வருடங்கள் கழித்து அவர் மறுபடி பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. அதே பள்ளி, அதே ரயில்!

அறையை மாற்றிக்கொடுங்கள், அதுதான் சுலபம். முடியாதென்றால் ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள். காற்று நுழைகிற இடுக்கு வழியாகத்தான் சத்தமும் நுழையும். திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், சாலைச் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. புத்தக அலமாரியை சாலைப்பக்கச் சுவரில் வைப்பதும் ஜன்னல் வழி வரும் சத்தத்துக்குப் பயன்படாது.

கேள்வி: நாற்பது வீடுகள் உள்ள அடுக்குமாடியில் நான்கு வருடமாகத் தனியாக இருக்கிறேன். பணி ஓய்வு பெற்றவன். லிஃப்டில் தலையசைப்பதோடு சரி. சில நாட்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விடுகிறது. இது கட்டடத்தின் குறையா, என் குறையா?

உங்கள் குறை என்று எண்ணாதீர்கள், ஐயா. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். வண்டிகள் குறைவாகப் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வண்டிகள் நெருக்கியடித்த தெருவில் ஒரு நண்பர்கூடத் தேறவில்லை. தெரு நிற்க விடவில்லை, அதனால் மனிதர்கள் ஒருவரையொருவர் அறியவில்லை. உங்கள் லிஃப்டும் நீளமான நடைபாதையும் அப்படித்தான். நடக்க இடமிருக்கிறது, நிற்க ஒரு காரணம் இல்லை.

கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கும் வாசலுக்கும் நடுவே, வெளிச்சமும் காற்றும் வருகிற மூலையில் இரண்டு பெஞ்சு போட முடியுமா என்று குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள். சுவரை ஒட்டி வரிசையாகப் போட விடாதீர்கள். கனடாவில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் 1950-களில் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகத்தான் இருந்தன, யாரும் பேசவில்லை. ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் அவற்றைச் சின்ன மேசைகளைச் சுற்றிப் போடச் செய்தார். சில வாரங்களில் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. உங்கள் பெஞ்சுகள் ட வடிவில் மூலையில் சேரட்டும். எதிரெதிராக உட்கார்ந்தால் பார்த்தே ஆக வேண்டும். மூலையில் உட்கார்ந்தால் பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

சங்கத்தில் இழுத்தடித்தால் நீங்களே ஒரு மடக்கு நாற்காலியோடு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே போய் உட்காருங்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியையும் விரித்து வையுங்கள். முதல் வாரம் யாரும் உட்கார மாட்டார்கள். மூன்றாவது வாரம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.