"பெரியவர், விட்டுடும்மா" என்று செயலாளர் சொன்னால்

வணக்கம் தோழி. வாசகர் சங்கத்தில் சம்பளமில்லாமல் கணக்கு எழுதுகிறீர்கள், மூத்த உறுப்பினர் ஒருவர் ராத்திரி பதினொன்றுக்கு மேல் உங்கள் புடவையைப் பற்றி வாட்ஸ்அப் அனுப்புகிறார், செயலாளரோ "பெரியவர், விட்டுடும்மா" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். விடாதீர்கள். மெசேஜை அழிக்காமல், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு இடத்திலும் வையுங்கள். ஏனென்றால் அவரே அழித்துவிட்டு "நான் எப்பம்மா அனுப்பினேன்?" என்று கேட்பார், பார்த்திருக்கிறேன்.

அப்புறம், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் சங்கமும் பணியிடம்தான், சம்பளம் வாங்காத தன்னார்வலரும் பணியாளர்தான். பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். உங்கள் சங்கத்தில் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள், அப்படியானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு எழுதலாம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம்தான் கெடு, தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள்.

செயலாளரிடம் இனி வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். கடிதமாகக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்.