அம்மாவுக்கு எதற்குத் தனி அடுப்பு?

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து 38 வயது வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாக: "கத்தோலிக்கக் குடும்பம். மூன்று வருடமாக நானும் மனைவியும் ஒரு சபைக்குப் போகிறோம், முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துவிட்டோம். இயேசு தம்முடையவர்களை எடுத்துக்கொள்ள வரும் இரகசிய வருகை நெருங்கிவிட்டது. அம்மாவோ இன்னும் காற்றாடிமலைத் திருத்தலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அப்பா ஒக்கி புயலில் போனவர், உடல் கிடைக்கவில்லை. அவர் உயிர்த்தெழுவாரா என்று அம்மா கேட்டபோது, இரட்சிக்கப்படாதவர், அதுவும் உடலே இல்லாதவர், எப்படி எழுவார் என்று சொல்லிவிட்டேன். வருகைக்கு முன் அம்மாவை எப்படி மீட்பது?"

தம்பி, இந்தக் கேள்வியை வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ முறை படித்துவிட்டேன். கவலைப்படாதீர்கள், ஜெபியுங்கள், அம்மா மாறுவார் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "ஜெபத்துக்கு இடைஞ்சல் வேண்டாமென்று பின்பக்கச் சாய்ப்பில் அம்மாவுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறேன், வசதியாகத்தான் இருக்கிறார்" என்று, அந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

என்ன வசதி அது? ஒரு ஆளுக்கு நாலு சாளையைக் கழுவி, ஒரு துண்டு மரச்சீனியை அவித்து, மழை சாய்த்தடிக்கும்போது அடுப்பைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டபடி ஒற்றைக்கு உட்கார்ந்து சாப்பிடுவதா? புருஷன் கடலிலிருந்து திரும்பாத வீட்டை இத்தனை வருடம் தாங்கிப் பிடித்தவர் அவர். "சாப்பிட்டியா மக்களே" என்று கேட்டுக் கேட்டு உங்களை வளர்த்த வாய் அது. மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று பழியை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள், அடுப்பைத் தூக்கி வெளியே வைத்தது உங்கள் கை.

கடைசி காலம் என்றதும் எல்லாரும் எடுப்பது மத்தேயு 24-ஆம் அதிகாரம். யுத்தங்களும் பூமியதிர்ச்சியும் வருகிற இடத்தோடு மூடிவிடாமல் 36-ஆம் வசனத்தைப் படியுங்கள், அந்த நாள் ஒருவருக்கும் தெரியாது என்கிறார் இயேசு. 1844 அக்டோபர் 22 என்று தேதி குறித்து அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் ஆட்கள் காத்திருந்தார்கள், சிலர் விளைந்த பயிரைக்கூட அறுக்கவில்லை. அந்த நாளும் வந்து போனது. சரி, 45-ஆம் வசனத்துக்கு வாருங்கள். எஜமான் திரும்பி வரும்போது எவன் பாக்கியவான்? வீட்டாருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருப்பவன். வருகைக்கு ஆயத்தமாக இருக்கிறேன் என்று சொல்கிற நீங்கள் இந்த வசனத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

அப்புறம் அப்பா விஷயம். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம். கி.பி. 177-இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். உடலே இல்லாமல் செய்துவிட்டால் உயிர்த்தெழும் நம்பிக்கையும் அற்றுப்போகும் என்பது அவர்கள் கணக்கு. திருச்சபை அந்தக் கணக்கை ஒருநாளும் ஏற்கவில்லை. நீங்கள் அதே கணக்கை எடுத்துப்போய், புருஷனுக்கு ஒரு கல்லறைகூட இல்லாத பெண்ணிடம் சொல்லியிருக்கிறீர்கள். "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று வெளிப்படுத்தின விசேஷம் 20:13 சொல்கிறது, உங்கள் கையிலிருக்கும் வேதத்திலும் அது இருக்கிறது. அப்பா இரட்சிக்கப்பட்டவரா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது?

காற்றாடிமலைக்கு வருகிறேன். இந்துவாகப் பிறந்து கிறிஸ்தவரான தேவசகாயத்தை 1752 ஜனவரி 14 அன்று அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் போட்டுவிட்டார்கள், பிறகு மிஞ்சியதைப் பொறுக்கி எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். 2022-இல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அவரிடம் வேண்டலாமா கூடாதா என்பதில் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது, அந்த வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை. ஆனால் அந்த மனிதர் மேல் பகை வளர்ந்ததற்கு ஞானஸ்நானம் மட்டும் காரணமில்லை, சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று அவர் வற்புறுத்தியதும் ஒரு காரணம். மனுஷரை ஒதுக்கி வைக்கக்கூடாது என்று நின்றவருடைய மண்ணில் பிறந்துவிட்டு, பெற்றவளைச் சாய்ப்பில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே.

கடற்கரைப் பிள்ளை நீங்கள், உங்களுக்கு யோவான் 21-ஐ நான் சொல்லித்தர வேண்டுமா? உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார். வலை இழுத்துக் களைத்து வருகிறவர்களில் பேதுருவும் உண்டு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றுதான் முதலில் சொல்கிறார். பேதுருவிடம் கேட்க வேண்டியதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்கிறார்.

இன்றைக்கே அந்த அடுப்பை அடுக்களைக்குள் கொண்டுவாருங்கள். அம்மா சமைக்கட்டும், பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்காரட்டும். அப்பாவைப் பற்றிச் சொன்னது தப்பு என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லுங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா கடல் பார்த்து மணலில் மெழுகுவர்த்தி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரும் நவம்பர் 2 சாயங்காலம் கூடப் போங்கள். உங்கள் நம்பிக்கைப்படி நீங்கள் ஏற்ற வேண்டாம். அங்கே காற்று அதிகம், ஒற்றைக் கையால் மறைத்தால் நிற்காது, நீங்களும் குனிந்து கை வைத்துக் கொடுங்கள்.