துணைவரிடமிருந்து பிறப்புறுப்பு மரு தொற்றுமா? பால்வினை நோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி (வேளச்சேரி, பெண்): வணக்கம் டாக்டர். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவருக்குப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலச் சிறு மருக்கள் வந்துள்ளன. ஹெச்.பி.வி. கிருமி என்றார்கள். எனக்கு இதுவரை ஒன்றும் இல்லை, இனி வருமா? அவர் வேறு யாரிடமோ போயிருக்கிறார் என்றுதானே பொருள்?

பதில்: அம்மா, இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்போம். இந்த மருக்களில் பத்தில் ஒன்பதுக்கு ஹெச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளே காரணம். அவை ரத்தத்தின் வழியாகவோ விந்தின் வழியாகவோ அல்ல, தோலும் தோலும் உரசுவதால், கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகள் வழியாக நுழைகின்றன. மரு உள்ளவருடன் உறவு கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மரு தோன்றியதைப் பழைய ஆய்வுகள் காட்டின. எனவே ஆபத்து சிறியதன்று. ஆனால் நீங்கள் இருவரும் ஒன்றாக வாழ்பவர்கள். கிருமி ஏற்கெனவே உங்களை அடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அடைந்தும் மருவே தோன்றாமல், உடல் தானாக அதை அடக்கிவிடுபவர்கள் ஏராளம். தோன்றுவதானால் பெரும்பாலும் மூன்று வாரம் முதல் எட்டு மாதத்துக்குள் தோன்றும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதே கேள்வியோடு கண் கலங்கி வந்து அமரும் பெண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். இந்தக் கிருமி சிலரது தோலில் ஆண்டுக்கணக்கில் அடையாளமே இல்லாமல் தங்கியிருந்து, பிறகு மருவாக வெளிப்படும். திருமணத்துக்கு முன் அவருக்கு வந்திருக்கலாம். உங்களிடமிருந்தே, உங்களுக்கே தெரியாமல், அவருக்குப் போயிருக்கவும் கூடும். எப்போது, யாரிடமிருந்து என்பதைச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே இந்த மருவை மட்டும் சாட்சியாக வைத்து உங்கள் கணவரைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது. அவரிடம் கேட்க வேண்டியது இருந்தால் கேளுங்கள், மருவிடம் கேட்காதீர்கள்.

அவருடைய மருக்கள் முழுவதும் மறையும் வரை உறவைத் தவிர்ப்பது நல்லது. நீங்களும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். சிஃபிலிஸ் என்ற இன்னொரு பால்வினை நோயின் இரண்டாம் கட்டத்திலும் இதே இடத்தில் மரு போன்ற, ஆனால் தட்டையான, ஈரமான தடிப்புகள் வரும் என்பதால், இருவரும் சிஃபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். மற்றும் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது அவசியம்.

கேள்வி (அம்பத்தூர், ஆண்): எப்போதும் ஆணுறை அணிந்தே உறவு கொண்டேன். அப்படியிருந்தும் எப்படி வந்தது?

பதில்: ஆணுறை மூடுவது உறுப்பின் தண்டுப் பகுதியை மட்டுமே. விதைப்பை, தொடை இடுக்கு, முடி வளரும் பகுதி ஆகியவை திறந்தே இருக்கின்றன, அங்கும் மரு வருகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கிறது, நீக்குவதில்லை. மற்றப் பால்வினை நோய்களுக்கு அதன் காப்பு இன்னும் வலுவானது என்பதால் விட்டுவிடாதீர்கள். மருக்கள் இருக்கும் வரை அந்த இடத்தில் ரேஸரால் மழிக்கவும் வேண்டாம். கிருமி பக்கத்துத் தோலுக்குப் பரவும்.

கேள்வி (பெரம்பூர், ஆண்): மருக்களை மின்சாரத்தால் சுட்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது. தை மாதம் திருமணம். அவருக்கு 24 வயது. இனி அவருக்குத் தொற்றாது என்று சான்றிதழ் பெற முடியுமா?

பதில்: முடியாது, தம்பி. சுட்டாலும், திரவ நைட்ரஜனால் உறைய வைத்தாலும், களிம்பு பூசினாலும் நீங்குவது மருதான். சுற்றியுள்ள தோலில் கிருமி இருக்கக்கூடும். அதனால்தான் முதல் மூன்று மாதங்களில் பலருக்கு மரு திரும்ப வருகிறது. பெரும்பாலானவர்களின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் கிருமியை அடக்கிவிடுகிறது, ஆனால் ஆண்களிடம் அதை உறுதிசெய்ய நம்பகமான பரிசோதனை இல்லை.

உங்கள் வருங்கால மனைவியைக் காக்கும் வழி தடுப்பூசி. சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கிறது. 9 முதல் 26 வயது வரை இரு பாலருக்கும் போடலாம். 16, 18 ஆகிய இரண்டை மட்டும் தடுக்கும் ஊசி மருவுக்குப் பயன்படாது என்பதால், எந்த ஊசி என்று கேட்டு வாங்குங்கள். 15 வயதுக்கு மேல் மூன்று தவணை: முதல் ஊசி, இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். எனவே நாள் கடத்த வேண்டாம்.

ஊசி போடச் சொல்வதற்கு அவரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தத்தில் இது எவ்வளவு கடினம் என்று அறிவேன், இருந்தாலும் சொல்லுங்கள். தனியே சொல்லத் தயங்கினால் அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். அவருடைய சந்தேகங்களை அங்கேயே கேட்டுத் தெளியட்டும்.

கேள்வி (தாம்பரம், பெண்): இந்த மரு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆகுமா?

பதில்: மருவை உண்டாக்கும் 6, 11 வகைகள் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு 16, 18 வகைகளே காரணம். 30 வயதைக் கடந்த எல்லாப் பெண்களையும் போல நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மரு வந்ததற்காகக் கூடுதலாகத் தேவையில்லை.

கேள்வி (மயிலாப்பூர், ஆண், 20 வயது): இதுவரை யாருடனும் உறவு இல்லை. ஆனால் ஆணுறுப்பின் முனை விளிம்பைச் சுற்றி வெண்ணிறப் புள்ளிகள் வரிசையாக உள்ளன. கார்ன் கேப் வைக்கலாமா?

பதில்: வைக்கவே வேண்டாம். ஒரே அளவில், ஒழுங்கான வரிசையில் விளிம்பைச் சுற்றி நிற்கும் இவை பல ஆண்களுக்கு இயல்பாகவே இருப்பவை. மரு இப்படி வரிசை கட்டாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, சொரசொரப்பாக வளரும். காலாணிக்கான அமிலத்தை அந்த மெல்லிய தோலில் வைத்தால் புண்ணாகிவிடும். சுண்ணாம்பு தடவுவதும் தலைமுடியால் இறுக்கிக் கட்டுவதும் அவ்வாறே.

கேள்வி (ஆவடி, பெண்): ஐந்து மாதக் கர்ப்பிணி. மரு பெருகுகிறது. சிசேரியன்தான் வழியா?

பதில்: கர்ப்ப காலத்தில் மரு பெருகுவது வழக்கம், பிரசவத்துக்குப் பின் பலருக்குச் சுருங்கிவிடும். போடோஃபிலின், இமிகிமோட் மருந்துகளைத் தொடாதீர்கள். உறைய வைக்கும் சிகிச்சை பாதுகாப்பானது. குழந்தை வரும் வழியை மரு அடைத்தாலோ, அதிக ரத்தப்போக்கு நேரும் என்றாலோ மட்டுமே அறுவை தேவைப்படும். குழந்தையின் குரல்வளையில் மரு வருவது மிக அரிது. செலவுக்கு அஞ்ச வேண்டாம்: சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கர்ப்பகாலப் பதிவுக் கையேட்டை எடுத்துச் சென்று, எத்தனையாவது மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.